வெள்ளை டைலும் என் இருபத்தைந்தும்

வெள்ளையாக இருந்த ஒரு டைலை வெள்ளையாக்குவதற்காக ஒரு கிழமை பாடுபட்ட முட்டாள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் இடையில் எங்காவது நீங்கள் என்னைப் புத்திசாலி என்று நினைத்து ஏமாறக்கூடும்.

தேசிக்காய் போட்டுத் தேய்த்தேன். பழப்புளி போட்டுத் தேய்த்தேன். பாத்திரம் கழுவும் தூளைக் கொட்டித் தேய்த்தேன். டைல் பழுப்பாகவே இருந்தது. ஆய்வுகூடத்து டியூப் லைற் மங்கிவிட்டது என்று நச்சரித்துப் புதிது போடுவித்தேன். புதியதும் பழுப்பு வெளிச்சம்தான் தந்தது. கடைக்காரன் பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்றேன். நிறம் காட்டும் மெதைல் செம்மஞ்சள் பழுதாகிவிட்டது என்று அதையும் ஊற்றிவிட்டுப் புதிதாகக் கரைத்தேன். வீட்டில் மனைவி தோய்த்து வைத்த வெள்ளைச் சேட்டைப் பார்த்து, "சவர்க்காரத்தை மாத்திப்போட்டியா?" என்று கேட்டேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சேட்டை நானே தோய்க்கலாம் என்ற அர்த்தத்தில் வாளியை என் காலடியில் வைத்துவிட்டுப் போனாள்.

உலகத்தில் உள்ள வெள்ளை எல்லாம் கெட்டுவிட்டது, நான் மட்டும் சரியாக இருக்கிறேன் என்ற முடிவுக்கு ஓர் இரசாயன ஆசிரியன் வரக்கூடாது. எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் பார்த்த நான் ஒரேயொரு கருவியை மட்டும் சந்தேகிக்கவில்லை. அது என் மூக்குக்கு இரண்டு பக்கமும் இருந்தது.

நான் குடியிருப்பது கொட்டாஞ்சேனையில். வேலை வெள்ளவத்தையில், கடற்கரையை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில், பழைய வீடொன்றை வாடகைக்கு எடுத்து நடத்தும் தனியார் கல்வி நிலையத்தில். அந்த வீட்டின் சாப்பாட்டு அறைதான் எங்கள் ஆய்வுகூடம். குசினிதான் கரைசல் தயாரிக்கும் அறை. முன்பு யாரோ மீன் வெட்டிய கல் மேடையில் நான் தராசு வைத்திருந்தேன்.

வருடத்துக்கு ஒருமுறை அந்த வீடு ஒரு வெளிநாட்டுப் பரீட்சையின் நிலையமாக மாறும். தனிப்பட்ட முறையில் பரீட்சை எழுதும் பிள்ளைகள் கொழும்பின் நாலா பக்கத்திலிருந்தும் இரசாயனச் செய்முறைக்கு வருவார்கள். அவர்களுக்கான கரைசல்களைத் தயாரிப்பவன் நான். பரீட்சைக்குச் சில நாட்கள் முன்னால் ஓர் இரகசிய உறை வரும். எந்தப் பொருளை எத்தனை கிராம் நிறுத்து எவ்வளவு நீரில் கரைக்க வேண்டும் என்று அதில் இருக்கும். கேள்வி இருக்காது, சமையல் குறிப்பு மட்டும்.

அந்த வேலையில் எனக்குத் தலைக்கனம் உண்டு என்பதை மறைக்கமாட்டேன். செறிவு தெரிந்த ஒரு கரைசலைத் தயாரிப்பது பார்ப்பதற்குச் சீனி கரைப்பது போல இருக்கும். ஆனால் வெள்ளவத்தைக் காற்றில் பாதி ஈரம், மீதி உப்பு. சோடியம் காபனேற்றைத் திறந்து வைத்துவிட்டு ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தால், நிறுப்பது காபனேற்றையா கடற்காற்றையா என்று தெரியாது. ஆகவே முதலில் அடுப்பில் உலர்த்தி, மூடிய பாத்திரத்தில் ஆறவிட்டு, பொழுது போக்காமல் நிறுக்க வேண்டும். அங்கேதான் அடுத்த சிக்கல். ஒழுங்கையின் முடிவில் றெயில் பாதை. காலி நகருக்கு ஓடும் றெயில் போகும்போது வீடு நடுங்கும், வீட்டோடு தராசின் கடைசி இலக்கங்களும் நடுங்கும். எந்த றெயில் எப்போது வரும் என்று ஸ்டேஷன் மாஸ்டருக்கு அடுத்தபடியாகத் தெரிந்து வைத்திருந்தவன் நான். இரண்டு றெயில்களுக்கு நடுவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிறுப்பேன். மின்விசிறியையும் நிறுத்திவிடுவேன். வியர்வை மேடையில் விழாமல் இருக்க நெற்றியில் துவாய் கட்டியிருப்பேன். அந்தக் கோலத்தில் என்னைப் பார்த்தவர்கள் தலையிடி என்று நினைத்து பனடோல் தந்திருக்கிறார்கள்.

பிறகு முகவையில் கரைத்து, கழுத்து நீண்ட அளவுக் குடுவைக்குள் ஊற்றி, முகவையையும் புனலையும் திரும்பத் திரும்பக் கழுவி அந்தக் கழுவலையும் உள்ளே விட்டு, கழுத்தில் கீறியிருக்கும் கோடுவரை நீர் நிரப்ப வேண்டும். கடைசிச் சொட்டுகளுக்கு முழங்காலில் நின்று, கோட்டைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொள்வேன். தேவாலயத்தில்கூட நான் அவ்வளவு பக்தியாக முழங்காலில் நின்றதில்லை. பின் மூடிபோட்டுத் தலைகீழாகத் திருப்பித் திருப்பிக் கலந்து, எல்லாக் குடுவைகளையும் ஒரு பெரிய கண்ணாடிக் கலனில் ஒன்றுசேர்த்து மறுபடி கலக்குவேன். எந்த மேசையில் இருக்கும் பிள்ளைக்கும் ஒரே கரைசல்தான் போக வேண்டும்.

அந்தப் பரீட்சையில் விசித்திரமான ஒரு சட்டம் உண்டு. பிள்ளைகள் உள்ளே டைட்ரேஷன் என்கிற நியமிப்பைச் செய்யும் வேளையில், கரைசல் தயாரித்தவரும் அவர்கள் கண்ணில் படாமல் அதே கரைசல்களைக் கொண்டு அதே நியமிப்பைச் செய்ய வேண்டும். அதாவது, அளவான காபனேற்றுக் கரைசலில் மெதைல் செம்மஞ்சள் சொட்டு விட்டால் அது மஞ்சளாகும். வெள்ளை டைலின் மேல் அந்தக் குடுவையை வைத்து, மேலே அளவு கீறிய பியூரெட் குழாயிலிருந்து அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். மஞ்சள் செம்மஞ்சளாகும் அந்தக் கணத்தில் நிறுத்த வேண்டும். தாண்டினால் ரோஸ் நிறம், போச்சு. எவ்வளவு அமிலம் போனது என்பதுதான் விடை. எனக்கு வரும் எண்ணை எழுதி விடைத்தாள்களோடு வைத்து அனுப்புவார்கள். கடலுக்கு அப்பால் இருந்து புள்ளி போடுபவருக்குக் கொழும்பில் அன்று எந்தப் போத்தலில் என்ன செறிவு இருந்தது என்று தெரியாது. அவருக்கு என் எண்தான் உண்மை. பிள்ளையின் எண் அதற்குக் கிட்ட இருந்தால் புள்ளி, விலகினால் வெட்டு.

இந்தச் சட்டம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வீட்டில் கறிக்கு உப்புக் காணுமா காணாதா என்பதில்கூட என் கருத்து எடுபடாது. குசினியில் நின்று எழுதும் அந்த ஓர் எண் மட்டும் எதிர்ப்பேச்சு இல்லாமல் உண்மையாகிவிடும்.

இனி அந்தப் பிள்ளையைப் பற்றி. கொட்டாஞ்சேனையில் எங்கள் தொடர்மாடிக்கு அடுத்த கட்டடத்தில் இருப்பவள். தகப்பனுக்குத் துறைமுகத்தில் வேலை. மருந்தியல் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. ஒரு பல்கலைக்கழகம் இடம் தருவதாகச் சொல்லி, இரசாயனத்தில் இன்ன தரம் வேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்தது. முதல்முறை எழுத்துத் தாள்களை நன்றாகச் செய்தும் செய்முறை காலை வாரிவிட்டது. மயிரிழையில் தரம் தவறியது. அவள் அந்தச் செய்முறை எழுதியதும் எங்கள் நிலையத்தில்தான். ஒரு வருடம் காத்திருந்து மறுபடி எழுதுவது என்று தீர்மானித்து, பகலில் ஜிந்துப்பிட்டியில் ஒரு பாமசியில் வேலைக்கு நின்றாள். சனிக்கிழமைகளில் என்னிடம் செய்முறை பழக வந்தாள்.

முதல் நாளே அவளின் குறையைக் கண்டுபிடித்துவிட்டேன். அவள் அவசரக்காரி. நான் நிறுத்துவதற்கு அரை மில்லிலீற்றர் முன்னாலேயே நிறுத்திவிடுவாள்.

"சேர், இது மாறிட்டுது."

"எங்க மாறினது? மஞ்சள்தானே நிக்குது. விடுங்கோ, இன்னும் விடுங்கோ."

"சேர், செம்மஞ்சள்..."

"பிள்ளை, இதாலதான் போன முறை உங்களுக்குப் புள்ளி போனது. பொறுமை வேணும்."

சில வாரங்களின் பின்னும் அவள் திருந்தவில்லை. எனக்குப் பெரிய மனது வந்துவிட்டது. "உங்களுக்கு நிறம் பாக்கிற கண் கொஞ்சம் பழுது போல. எதுக்கும் ஒருக்காக் காட்டுங்கோ," என்றேன். பாவம், அவள் ஒரு நாள் லீவு போட்டு நுகேகொடைக்குப் போய்க் கண்ணாடிக்கடை ஒன்றில் காட்டிவிட்டு வந்தாள். கண் பளிங்கு மாதிரி இருக்கிறது, கண்ணாடி தேவையில்லை என்று அனுப்பிவிட்டார்களாம். வியாபாரம் வேண்டாம் என்று சொன்ன கடைக்காரனின் வார்த்தையை நான் நம்பியிருக்க வேண்டும். நான் நம்பவில்லை.

அதற்குப் பிறகு அவள் வாதாடவில்லை. நான் நிறுத்தும் இடத்தைப் பார்த்துப் பார்த்துத் தானும் அங்கேயே நிறுத்தப் பழகினாள். வருட முடிவில் அவளுக்கும் எனக்கும் ஒரே எண் வந்தது. நான் பூரித்துப்போனேன். இரகசிய உறை வந்த அன்றே வகுப்பை நிறுத்திவிட்டேன். பஸ்ஸில் கண்டால்கூட இரசாயனம் பற்றி ஒரு சொல் பேசவில்லை. அந்த விடயத்தில் மட்டும் நான் சுத்தம்.

பரீட்சை நாளில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிள்ளைகள் சாப்பாட்டு அறையில், நான் குசினியில். எனக்கு இருபத்தைந்து தசம் பூச்சியம். மறுபடி செய்தேன், அதே எண். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். அவளும் அதே பஸ்ஸில் ஏறி என் பக்கத்து இருக்கையில் அமர்ந்தாள். முகம் செத்துப்போய் இருந்தது.

"சேர், எனக்குப் பிழைச்சிட்டுது."

"என்னத்தில?"

"டைட்ரேஷன்ல. வெளியில எல்லாரும் கதைச்சுக்கொண்டு நிண்டாங்க. எல்லாருக்கும் இருபத்திநாலு தசம் நாலுக்குக் கிட்ட. எனக்கு மட்டும் இருபத்திநாலு தசம் ஒன்பது அஞ்சு."

எனக்கு உள்ளே பட்டாசு வெடித்தது. "அப்ப எல்லாருக்கும் பிழை பிள்ளை. உங்களுக்கு மட்டும் சரி."

"எப்பிடி சேர்?"

"அதை நான் சொல்லக்கூடாது. ஆனா நான் சிரிக்கிறனா இல்லையா?"

"நீங்க எப்பவும் சிரிக்கிறனீங்கதானே."

பம்பலப்பிட்டி தாண்டும்வரை சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு பஸ் நெரிசலில் நின்றது. சும்மா இருக்கும்போது மூளை வேலை செய்யும். அதுதான் அதன் கெட்ட குணம். வெவ்வேறு பாடசாலைப் பிள்ளைகள். வெவ்வேறு ஆசிரியர்கள். ஒருவரையொருவர் அறியாதவர்கள். எல்லாரும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். இன்னோர் இடத்தில் நிற்பது நாங்கள் இரண்டு பேர் மட்டும். அதில் ஒருத்தி நான் பழக்கியபடி செய்பவள். அப்படியென்றால் அங்கே நிற்பது உண்மையில் ஒரே ஆள்.

"பிள்ளை, இண்டைக்கு எந்த நிறத்தில நிப்பாட்டினீங்கள்?"

"நீங்க சொல்லித்தந்த நிறத்தில."

"அது உங்கட கண்ணுக்கு என்ன நிறம்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். யோசித்தது நிறத்தை அல்ல, சொல்லலாமா என்பதை. "ரோஸ் சேர். நீங்க அதைத்தான் செம்மஞ்சள் எண்டு சொல்லுவீங்க. அதனால நான் அதைத்தான் பழகினான்."

நான் எழும்பிவிட்டேன். "அங்கிள், பஹினவா நங் இக்மனட்ட!" என்று கண்டக்டர் கத்தினான். இறங்குவதானால் கெதியாக இறங்கத்தான் வேண்டும். கொள்ளுப்பிட்டியில் குதித்து, வீதியைக் கடந்து, வந்த வழியே வெள்ளவத்தைக்குத் திரும்பும் பஸ்ஸைப் பிடித்தேன். ஜன்னலால் அவள் எட்டிப் பார்த்தது தெரிந்தது. கையசைத்தேன். அது என்ன அர்த்தத்தில் என்று எனக்கே தெரியவில்லை.

நிலையத்தில் பௌதிகவியல் படிப்பிக்கும் இளைஞர் மட்டும் தன் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டு நின்றார். தெஹிவளைப் பக்கத்து முஸ்லிம் பொடியன், நல்ல பகிடிக்காரன்.

"என்ன சேர், பல்செட்ட மறந்து வெச்சிட்டுப் போனீங்களா?"

"தம்பி, ஒருக்கா உள்ள வாரும். ஒரு டைட்ரேஷன் செய்யவேணும்."

"எனக்கிட்டயா? ஏ எல் எக்ஸாம்ல கெமிஸ்ட்ரிக்கு நான் எடுத்தத கேட்டா நீங்க அழுவீங்க."

"கண் இருந்தாக் காணும்."

"கண் ஈக்கு. ரெண்டு."

மீதிக் கரைசல்கள் கலனில் இருந்தன. குடுவையை டைலின் மேல் வைத்து, மஞ்சளாக்கி, பியூரெட் திருகை நான் பிடித்துக்கொண்டேன். நிறம் மாறும்போது நிறுத்தச் சொல்ல வேண்டியது மட்டும்தான் அவர் வேலை. அளவைப் பார்க்கக்கூடாது, குடுவையை மட்டும் பார்க்க வேண்டும் என்றேன். சொட்டத் தொடங்கியது.

"நிப்பாட்டுங்க சேர்."

நான் குனிந்து பார்த்தேன். சுத்த மஞ்சள். "இல்லத் தம்பி, இன்னும் மாறேல்ல."

"சேர், இது செம்மஞ்சள். ஸ்கூல் பஸ்ஸ விட செம்மஞ்சள்."

பியூரெட்டைப் படித்தேன். இருபத்திநாலு தசம் நான்கு. திருகை மறுபடி திறந்தேன். எனக்கு அது செம்மஞ்சளாகத் தெரியும்வரை விட்டேன். இருபத்தைந்து.

"இப்ப என்ன நிறம்?"

"ரோஸ். நல்லா ரோஸ். கலியாண வீட்டு சர்பத் மாதிரி." அவர் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "சேர், ஒங்கட கண்ணுக்கு இது வெளங்கல்லயா?"

இன்னொரு குடுவை செய்தோம். பிறகு இன்னொன்று. ஒவ்வொரு முறையும் அவர் அதே இடத்தில் "நிப்பாட்டுங்க" என்றார். ஒவ்வொரு முறையும் எனக்கு அது மஞ்சள். அவர் குடுவையைக் கழுவப் போனபோது டைலைக் கையில் எடுத்தேன்.

"தம்பி, இந்த டைல் என்ன நிறம்?"

"வெள்ள சேர். ஏன், நீங்கதானே ஒரு கெழமையா அதப் போட்டுத் தேச்சீங்க? நாங்க ஏதோ நேத்திக்கடன் எண்டு நெனச்சோம்."

கல் மேடையில் சாய்ந்து நின்றேன். நிலைமை இதுதான். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் என் இருபத்தைந்துதான் உண்மை. அங்கே வந்த பிள்ளைகள் எல்லோரும் சரியாகச் செய்துவிட்டுப் புள்ளியை இழப்பார்கள். அவள் ஒருத்தி மட்டும் பிழையாகச் செய்துவிட்டு முழுப் புள்ளியும் வாங்குவாள். வாயைத் திறந்தால் எல்லோரும் தப்புவார்கள். அவள் ஒருத்தி மட்டும் மறுபடியும் செய்முறையில் விழுவாள். அவள் செய்த ஒரே பிழை நான் சொன்னதைக் கேட்டது.

ஒரு றெயில் போனது. பியூரெட்டுகள் ஒன்றோடொன்று கிலுகிலுத்தன. அது போய் முடியும்வரை நான் வாயை மூடிக்கொண்டிருக்கும் பக்கத்தில்தான் நின்றேன். மறைக்க என்ன இருக்கிறது? மற்றப் பிள்ளைகளின் முகம் ஒன்றும் எனக்குத் தெரியாது. அவளின் முகம் தெரியும்.

"எழுதத்தானே போறீங்க?" என்றார் பௌதிக ஆசிரியர் கையைத் துடைத்துக்கொண்டு. அது கேள்வி போலவும் இருந்தது, கதவைச் சாத்துவது போலவும் இருந்தது.

நிலையத்தை நடத்துபவரை எல்லோரும் மெடம் என்போம். மேல் மாடியில்தான் அவர் வீடு. கதவைத் தட்டி விடயத்தைச் சொன்னேன். முதலில் நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். வாழ்நாள் முழுக்கப் பகிடி விட்டால் இப்படித்தான். ஒரு நாள் உண்மையைச் சொல்லும்போது அதை இரண்டு தரம் சொல்ல வேண்டும்.

"விடைத்தாள் பொதி போயிட்டுது சேர். கூரியர்காரன் கொண்டுபோயிட்டான்."

"தனியா ஒரு அறிக்கை அனுப்பலாம். ஈமெயில்ல."

"என்னெண்டு அனுப்ப? எங்கட கெமிஸ்ட்ரி சேருக்குக் கண் தெரியாதெண்டோ?"

"கண் தெரியும். நிறம்தான் தெரியாது."

"நல்ல ஆறுதல்!" அவர் கதிரையில் இருந்துவிட்டார். "அப்ப போன வருசம்? அதுக்கு முதல் வருசம்? அதையும் கேப்பாங்களே. நான் என்ன சொல்லுறது?"

அந்தக் கணம்வரை நான் அன்றைய நாளைப் பற்றி மட்டும்தான் யோசித்திருந்தேன். டைல் எப்போதிருந்து பழுப்பானது? கண் ஒரே நாளில் மஞ்சளாவதில்லை. எந்த வருடம் என் எண் உண்மையாக இருந்தது, எந்த வருடம் பொய்யானது? எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. அந்தந்த வருடத்துக் கரைசல்களை எப்போதோ தொட்டிக்குள் ஊற்றிக் கழுவிவிட்டோம். அன்றிலிருந்து வழியில் பழைய மாணவர் யாராவது "சேர், சுகமா?" என்று கேட்டால், இவர் செய்முறையில் எத்தனை எடுத்தவர் என்றுதான் முதலில் நினைப்பு வருகிறது.

அந்தப் பிள்ளையைப் பற்றியும் எழுத வேண்டும், பிழை அவளுடையது அல்ல என்று சொல்ல வேண்டும் என்றேன். மெடம் கையெடுத்துக் கும்பிட்டார்.

"சேர், விசர்க்கதை கதையாதேங்கோ. இரகசிய உறையைத் திறந்த ஆளே அவவுக்குப் படிப்பிச்சவர் எண்டு நீங்களே எழுதிக் குடுக்கப்போறீங்களே? எண்ணில இல்லை, அவவின்ர முழுத் தாளிலையும் கைவைப்பாங்கள்."

அவர் சொன்னது சரி. அவளைக் காப்பாற்ற நான் எழுதும் ஒவ்வொரு வரியும் அவளை இன்னும் ஆழத்தில் இறக்கும். ஆகவே அவளைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. நான் தயாரித்த கரைசல் இன்னது, எனக்கு வந்த எண் இன்னது, வேறொரு கண்ணுக்கு வந்த எண் இன்னது, என் பார்வையில் குறை இருப்பதாகச் சந்தேகம் என்று எழுதினேன். மெடம் அதைத் தட்டச்சு செய்தார். அனுப்பும் பொத்தானை அழுத்துமுன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அழுத்திவிட்டார். நிலையத்தை மூடச் சொன்னால் தெருவில் நிற்க வேண்டியவர் அவர். இருந்தும் அவர் அழுத்தினார் என்பதை இங்கே சொல்ல வேண்டும்.

கொட்டாஞ்சேனைக்கு வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அவள் தொடர்மாடிப் படிகளுக்குக் கீழே தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் நிமிர்ந்தாள். பஸ்ஸில் யோசித்து வைத்த முன்னுரைகள், பகிடிகள் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன்.

"நான் பஸ்ஸில சொன்னது பிழை. மற்ற ஆக்களுக்குத்தான் சரி."

"அப்ப எனக்குப் பிழை."

"பிழை எனக்கு. ஆனா... ஓம். புள்ளி போறது உங்களுக்கு."

அவள் கையில் இருந்த போத்தலின் மூடியை இறுக்கினாள். ஏற்கெனவே இறுகியிருந்த மூடி. "நீங்க எழுதிக் குடுத்திட்டீங்களா?"

"ஓம்."

"சரி சேர்," என்றுவிட்டுப் படியேறினாள். அவள் கோபித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

களுபோவில ஆஸ்பத்திரியில் கண் டொக்டர் என் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே இருக்கும் வில்லை கடும் தேத்தண்ணி நிறத்தில் இருக்கிறது என்றார். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். நிறம் பார்க்கும் வேலை என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, இப்படி மாறி நடந்தது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. சத்திரசிகிச்சைக்குப் பிறகு கட்டை அவிழ்த்தபோது ஆஸ்பத்திரிச் சுவர் கண்ணைக் குத்தியது. வீட்டில் என் சேட்டுகள் எல்லாம் பளீரென்று தொங்கின. மனைவியின் தலையில் எவ்வளவு நரை என்பதும் தெரிந்தது. அதை நான் அவளிடம் சொல்லவில்லை. பழுதானது கண் மட்டும்தான், மூளை இல்லை. நிலையத்துக்குப் போய் டைலை எடுத்துப் பார்த்தேன். பால் மாதிரி வெள்ளை. தேய்த்த இடங்களில் மட்டும் கீறல்.

பெறுபேறு வந்தது. செய்முறையில் அவளுக்குக் குறைவுதான், என் அறிக்கையை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். எழுத்துத் தாள்கள் தூக்கிவிட, தேவையான தரம் நூலிழையில் கிடைத்துவிட்டது. போன முறை எந்த நூலிழையில் தவறியதோ, அதே நூலிழை. அவளே வந்து சொன்னாள், கையில் ஒரு துண்டு பட்டர் கேக்கோடு. என் மனைவி அவளைக் கட்டிப்பிடித்தாள். நான் கேக்கைத் தின்றேன். எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

போன வருடம் குசினியில் நான் எழுதிக்கொடுத்த எண் எனக்கு நினைவிருந்தது. என் எண்களை நான் மறப்பதில்லை. தலைக்கனக்காரர்களுக்கு அந்த வியாதி உண்டு. அவளின் எண் மட்டும் தெரிந்தால் போதும். கழித்துப் பார்க்க ஒரு மூச்சு நேரம் ஆகாது. அரை மில்லிலீற்றர் இடைவெளி இருந்தால், அவள் ஜிந்துப்பிட்டிப் பாமசியில் நின்ற அந்த வருடம் முழுவதும் என் கணக்கில் சேரும். இல்லாவிட்டால் நான் தப்பினேன்.

அவள் செருப்பைப் போடும்போது வாசல்வரை போனேன்.

"பிள்ளை, போன முறை உங்களுக்கு டைட்ரேஷன்ல எவ்வளவு வந்தது? ஞாபகம் இருக்கா?"

அவள் செருப்பின் வாரை மாட்டிவிட்டு நிமிர்ந்து, புதிதாகத் திறந்த என் கண்களை நேராகப் பார்த்தாள்.

"ஞாபகம் இருக்கு சேர், சொல்லமாட்டன்."